குற்றம் ஊசியிலா, பெயிண்டிலா?

ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர்விமானத்தைப் பிளாஸ்டிக் மாடலாக ஒட்டி முடித்து, வண்ணமடிக்க உட்காரும் இரவில்தான் ஏர்பிரஷ் தன் குணத்தைக் காட்டும். அந்த விமானத்தின் பக்கவாட்டில் வெளிர்நீலச் சாம்பலின் மேல் அடர்சாம்பல் திட்டுகள் புகை படிந்ததுபோல் மங்கி நிற்க வேண்டும். 1/72 அளவு மாடலில் ஒரு மில்லிமீட்டர் என்றால் அசல் விமானத்தில் 7.2 சென்டிமீட்டர். ஆகவே ஏர்பிரஷ் துப்பிவிட்ட ஒரு மி.மீ. துளி, நிஜ விமானத்தின் மேல் யாரோ சாத்துக்குடி அளவுக்குப் பெயிண்டை வீசியடித்த கறை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது யாரும் கவனிக்காத பிழை, இங்கே ஒரு மாத உழைப்பைக் கெடுத்துவிடும்.

துளி விழுந்ததும் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். ஏர்பிரஷை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, எல்லாவற்றையும் தின்னர் கிண்ணத்தில் போடுகிறோம். மறுநாள் பூட்டினால் பழைய கோளாறு அப்படியே இருக்கும். கூடவே புதிதாக இரண்டு சேர்ந்திருக்கும். ஏர்பிரஷின் தலையில் விழும் பழிகளில் பாதிக்கும் மேல் அது செய்யாத குற்றங்கள் என்பது என் அனுபவம். பெயிண்ட் செய்தது, காற்று செய்தது, சில சமயம் நம் ஆள்காட்டி விரல் செய்தது. யார் செய்தது என்று தெரியும் முன்பே ஸ்பானரைக் கையில் எடுப்பதுதான் சிக்கலின் ஆரம்பம்.

முதலில் இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பழைய வீடுகளில் கொசுமருந்து அடிக்கும் கைப்பம்பு ஒன்று இருக்கும். தகர டப்பாவில் மருந்து, மேலே ஒரு குழாய், பின்னால் தள்ளுகிற பிடி. பிடியைத் தள்ளினால் காற்று அந்தக் குழாயின் வாயைக் கடந்து வேகமாகப் பாயும். அங்கே அழுத்தம் குறையும். கீழே இருக்கும் மருந்து மேலேறிக் காற்றில் சிதறும். ஏர்பிரஷும் இதே சூத்திரம்தான். காற்று நாசிலைச் சுற்றி வளையமாகப் பாய்கிறது. நாசிலின் நுனியில் உண்டாகும் உறிஞ்சல் பெயிண்டை இழுக்கிறது. வெளியே வந்ததும் காற்று அதைப் பொடித்துத் தள்ளுகிறது. எவ்வளவு பெயிண்ட் வர வேண்டும் என்பதை ஒரு கூம்பு ஊசி தீர்மானிக்கிறது. ஊசி பின்னால் போகப்போக நாசிலின் துளை திறக்கும். 1893ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் சார்லஸ் பர்டிக்கின் ஏர்பிரஷ் பேனா வடிவில் வைக்கப்பட்டது. இன்று நம் மேஜையில் இருப்பது அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைதான்.

இதில் நினைவில் வைக்க வேண்டிய வரைபடம் சின்னது. பெயிண்ட் ஊற்றும் கப்பிலிருந்து நாசில் வரை உள்ள முன்பகுதிக்கு மட்டுமே பெயிண்ட் போகிறது. டிரிகருக்குக் கீழே இருக்கும் வால்வுக்குக் காற்று மட்டும். டிரிகருக்குப் பின்னால் உள்ள ஸ்பிரிங், ஊசியைப் பிடிக்கும் திருகு ஆகியவற்றுக்கு இரண்டும் கிடையாது. கப்புக்கும் டிரிகருக்கும் நடுவே ஊசியைக் கவ்விக்கொண்டிருக்கும் ஒரு குட்டி சீல், பெயிண்டைப் பின்னால் விடாமல் காவல் காக்கிறது. இது தெரிந்தால், பெயிண்ட் தெறிப்பதற்காக வால்வைக் கழற்ற மாட்டோம். வாசல் குழாய் ஒழுகுகிறது என்று மொட்டைமாடித் தொட்டியை இடிக்கிற வேலை அது.

இனி விசாரணை. கப்பைக் காலி செய்து, நன்றாக அலசி, சுத்தமான தண்ணீர் பத்துச் சொட்டு விடுங்கள். பழுப்புக் காகிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு, டிரிகரைப் பின்னால் இழுக்காமல் கீழே மட்டும் அழுத்துங்கள். காற்று மட்டும்தான் வர வேண்டும். காகிதம் நனைந்தால் ஊசி நாசிலில் முழுதாக உட்காரவில்லை. பின்திருகைத் தளர்த்தி, ஊசியை மெல்ல முன்னால் நகர்த்தி, தட்டுப்படும் இடத்தில் விட்டு இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அடுத்து கப்புக்குள் பாருங்கள். குமிழி வந்தால், முன்னால் போக வேண்டிய காற்று பெயிண்ட் பாதைக்குள் புகுந்து பின்னால் வருகிறது என்று பொருள். கடைசியாக டிரிகரை மெல்ல இழுத்துக் கோடு போடுங்கள். ஈரக்கோடு நேராக, இரண்டு பக்கமும் சமமாக மங்கினால் கருவிமேல் குற்றமில்லை. எழுந்து பெயிண்ட் பாட்டிலைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் பெயிண்டைவிட இளகியது, ஆகவே நுண்ணிய தேய்மானம் சிலது இந்தச் சோதனையில் தப்பிவிடும். ஆனாலும் இரண்டே நிமிடத்தில் வழக்கைப் பாதியாகக் குறைக்க இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

குமிழியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும்; புதிதாக வருபவர்களை அதிகம் பயமுறுத்துவது அதுதான். மூன்று காரணங்கள். நாசில் அதன் இருக்கையில் சரியாக உட்காரவில்லை. அல்லது நாசிலின் நுனி அடைத்திருக்கிறது, வெளியேற வழியில்லாத காற்று திரும்புகிறது. அல்லது நாசிலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல். முதலாவதுக்கு மருந்து, நாசிலைக் கழற்றி இருக்கையைத் துடைத்துத் திரும்ப மாட்டுவது. மரையில் துளி தேன்மெழுகு தடவினால் காற்றுக் கசிவு நிற்கும். குழாய்க்குச் சுற்றும் டெஃப்லான் டேப்பை இந்த நுண்ணிய மரையில் சுற்றக் கூடாது; நாசில் கோணிக்கொள்ளும். சில ஏர்பிரஷ்களில் நாசிலுக்கு மரையே கிடையாது, வைத்து மூடியைத் திருகினால் தானே மையத்தில் உட்காரும். ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் எவல்யூஷன் அப்படி, ஜப்பானின் இவாட்டா எக்லிப்ஸ் அப்படி. முதல் ஏர்பிரஷ் வாங்குபவர் கேட்டால் நான் அந்த ரகத்தைத்தான் சொல்வேன். காரணம் என் சொந்தக் கதை.

மரை வைத்த நாசில் என்பது ஓர் அரிசியளவு உலோகம். என் முதல் ஏர்பிரஷில் குமிழி வந்தபோது, கசிகிறது என்றால் இறுக்க வேண்டும் என்ற குழாய்க்காரர் நியாயத்தில், கூடவே வந்த குட்டி ஸ்பானரால் இன்னொரு கால் சுற்று திருகினேன். சத்தம்கூட வரவில்லை. நாசிலின் தலை ஸ்பானரோடு வந்துவிட்டது. மரை உள்ளேயே தங்கிவிட்டது. கூரான ரீமர் ஒன்றை உள்ளே நுழைத்து, கவ்வவைத்து, எதிர்ப்பக்கம் சுற்றி அதை வெளியே எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று. விரலால் நிற்கும்வரை திருகி, ஸ்பானரால் தொட்டும் தொடாமலும் ஓர் அசைவு. அவ்வளவுதான் அதற்குத் தேவை.

இரண்டாவது காரணமான அடைப்பை நீக்கும்போதும் இதே அவசரம்தான் நம்மைக் கெடுக்கிறது. பம்பு ஸ்டவ் எரித்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நிப்பிளும் பின்னும் தெரியும். சுடர் மங்கினால் தகரப் பின்னின் கம்பியால் நிப்பிளை ஒரு குத்து. குத்திக்குத்தி நிப்பிள் துளை கோணலானதும் சுடர் ஒரு பக்கமாகச் சாயும், பாத்திரம் கரி பிடிக்கும். ஏர்பிரஷ் ஊசியை முன்னால் தள்ளி அடைப்பைக் குத்துவதும் அதே காரியம். நாசிலின் துளை 0.2, 0.3 மி.மீ. என்ற கணக்கில்தான் இருக்கிறது. கூம்பு ஊசியை அதில் ஆப்புபோல் அடித்தால் வாய் விரியும், பிறகு பிளக்கும். அதற்கப்புறம் தெளிப்பு ஒரு பக்கமாகச் சாயும். எந்தச் சுத்தமும் அதைச் சரிசெய்யாது. அடைத்த நாசிலைக் கழற்றி, அந்தப் பெயிண்டைக் கரைக்கும் திரவத்தில் அரைமணி நேரம் ஊறவிட்டு, பல்லிடுக்குத் தூரிகையின் மிகச் சன்னமான ரகத்தால் பின்பக்கமிருந்து சுழற்றித் துடைத்தால் போதும்.

ஊசி வளைந்திருக்கிறதா என்று அறிய, பஞ்சு உருண்டையின் மேல் நுனியை லேசாக இழுத்துப் பாருங்கள். கொக்கி இருந்தால் இழை மாட்டும். கண்ணாடித் துண்டின் மேல் நுனியைப் படுக்கவைத்து, நகத்தால் மெல்ல அழுத்தியபடி உருட்டிக்கொண்டே பின்னால் இழுத்தால் சிறிய வளைவு நேராகிவிடும். முனை உடைந்த ஊசியைத் தேய்த்துக் கூராக்க முயல வேண்டாம், கூம்பின் கோணம் மாறிவிடும்.

கருவி நிரபராதி என்று தண்ணீர் சொல்லிவிட்டதா? இப்போது பெயிண்டுக்கு வருவோம். குழப்பங்களில் பெரியது இங்கேதான் இருக்கிறது. அதன் பெயர் அக்ரிலிக்.

பாட்டிலில் அக்ரிலிக் என்று அச்சிட்டிருந்தால் எல்லாம் ஒரே குலம் என்று நினைத்துவிடுகிறோம். ஜப்பானின் டாமியா அக்ரிலிக் ஆல்கஹாலோடு ஒத்துப்போகிற கரைசல். அதன் எக்ஸ்-20ஏ தின்னரிலோ ஐசோப்ரோபைல் ஆல்கஹாலிலோ இளக்கினால் பட்டாகத் தெளிக்கும். ஸ்பெயினின் வயேஹோ அக்ரிலிக் வேறு சாதி. பாலில் கொழுப்பு மிதப்பதுபோல, தண்ணீரில் பிசின் துகள்கள் மிதக்கும் எமல்ஷன் அது. அதில் ஆல்கஹால் ஊற்றினால், பாலில் எலுமிச்சை பிழிந்த கதைதான். திரிந்து, நூல்நூலாகப் பிசுபிசுத்து, நாசிலுக்குள் ரப்பர் அடைப்பாக உட்கார்ந்துகொள்ளும். இதைச் செய்துவிட்டு, வாங்கிய ஏர்பிரஷ் மட்டம் என்று திட்டியவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒருமுறை அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். ஒரு பாட்டிலுக்கு எந்தத் தின்னர் என்பதை அந்தப் பாட்டில் செய்தவரிடமே விட்டுவிடுங்கள். கலந்து பார்க்கும் ஆசையிருந்தால் பழைய பாட்டில் மூடியில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், கப்பில் வேண்டாம்.

காய்ந்த பிறகும் பெயிண்டுக்குப் பெயிண்ட் விதம் வேறு. லாக்கர் ரகப் பெயிண்ட் காய்ந்தாலும் தன் தின்னரில் திரும்பக் கரையும். எமல்ஷன் அப்படியல்ல. துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாகிவிட்டால் தண்ணீருக்கு அங்கே வேலை கிடையாது. தண்ணீரில் இளக்கியதுதானே, தண்ணீரிலேயே கழுவிக்கொள்ளலாம் என்று சாப்பிடப் போய்வந்தவர், திரும்பி வந்து கழுவுவது பெயிண்டை அல்ல, பிளாஸ்டிக்கை. ஈரமாக இருக்கும்போதே தண்ணீர். காய்ந்துவிட்டால் ஏர்பிரஷ் கிளீனரோ லாக்கர் தின்னரோதான்.

எவ்வளவு இளக்குவது? பால் பதம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆவினில் நீல பாக்கெட்டா, பச்சையா, ஆரஞ்சா என்று கேட்கத் தோன்றும். பதத்தைக் கப்பின் சுவரில் பாருங்கள்: தூரிகையால் ஓரத்தில் ஏற்றிவிட்ட பெயிண்ட், மெல்லிய படலம் விட்டபடி கீழிறங்க வேண்டும். இறங்கவே யோசித்தால் கெட்டி. படலமே விடாமல் ஓடினால் தண்ணி. கெட்டியாக இருந்தால் சொரசொரப்பாகத் துப்பும். தண்ணியாக இருந்தால், அல்லது காற்று மிகுந்தால், மாடலின் மேல் விழுந்த பெயிண்ட் சிலந்திக் கால்களாக நாலாபக்கமும் ஓடும். தூசி படிந்ததுபோல் கரகரவென்று வந்தால், துளி மாடலைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்துவிட்டது. கிட்டே போங்கள், அழுத்தத்தைக் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பதம், தூரம், அழுத்தம் மூன்றையும் ஒன்றாக மாற்றிச் சரியானால், எது சரிசெய்தது என்று அடுத்த வாரம் தெரியாது.

நன்றாக அடித்துக்கொண்டிருந்தது ஐந்தாவது நிமிடத்தில் மக்கர் செய்தால், பெரும்பாலும் ஊசிமுனையில் பெயிண்ட் காய்ந்து குமிழ் கட்டியிருக்கிறது. தண்ணீர் அக்ரிலிக்கில் இது தவிர்க்க முடியாதது. நுனியில் ஓயாமல் காற்று வீசுகிறது. ஈரத்துணி கொடியில் காய்வதுபோல அது காய்கிறது. கழற்ற ஒன்றுமில்லை. கிளீனரில் நனைத்த காது பட்ஸால் ஊசிமுனையை ஒரு துடை. காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் இரண்டு சொட்டு கப்பில் விட்டால் இடைவெளி கூடும். வெயில்காலத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அடிப்பவர்கள் இதை இரட்டிப்பாக அனுபவிப்பார்கள்.

அடுத்தது விரல். கோட்டின் தொடக்கத்தில் மட்டும் ஒரு பொட்டுத் தெறிக்கிறதென்றால் முந்தைய கோட்டை முடித்த விதத்தில் பிழை. காற்றையும் பெயிண்டையும் ஒரே நொடியில் விட்டுவிட்டால், நாசிலில் ஒரு துளி தங்கிவிடும். அடுத்த முறை காற்று வந்ததும் அது முதலில் பறக்கும். காற்று முதலில், பிறகு பெயிண்ட். நிறுத்தும்போது பெயிண்ட் முதலில், காற்று கடைசியில். ஆட்காட்டி விரல் கீழே அழுத்தியபடியே முன்னும் பின்னும் போய்வரப் பழக வேண்டும். அதற்கு இரண்டு மாலைநேரமும் பழைய செய்தித்தாளும் போதும்.

காற்றைப் பற்றி இரண்டு விஷயம். அழுத்தமானியைச் சும்மா இருக்கும்போது பார்த்து 20 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்கிறோம். டிரிகரை அழுத்தியதும் முள் இறங்கும்; வேலை செய்கிற அழுத்தம் அந்த இறங்கிய எண்தான். டிரிகரை அழுத்தியபடியே ரெகுலேட்டரைத் திருகுங்கள். பொதுவான வேலைக்கு 15 முதல் 20, மெஸ்ஸர்ஷ்மிட் திட்டுகள் போன்ற நுண்வேலைக்கு இன்னும் இளக்கிய பெயிண்டோடு 10, 12 என்பது என் கணக்கு.

இரண்டாவது, தண்ணீர். சென்னை மாதிரிக் கடலோர ஊர்க்காரர்கள் இதை அலட்சியப்படுத்த முடியாது. கம்ப்ரசர் ஈரக்காற்றை அமுக்கிச் சூடாக்கித் தள்ளுகிறது; அது ஹோஸில் குளிரும்போது ஈரம் துளியாகிறது. தெளிப்பின் நடுவே திடீரென்று ஒரு வெற்றுத் தண்ணீர்த் துளி விழுந்து பெயிண்டில் குழி விட்டால், குற்றவாளி இதுதான். கம்ப்ரசரிலேயே ஒட்டியிருக்கும் ஈரப்பொறி பாதி வேலைதான் செய்யும், அங்கே காற்று இன்னும் சூடாக இருப்பதால். ஏர்பிரஷுக்குச் சற்று முன்னால் இன்னொரு சிறிய ஈரப்பொறியை மாட்டிக்கொள்ளலாம். தொட்டி வைத்த கம்ப்ரசரென்றால் அடியில் உள்ள திருகை ஒவ்வொரு முறையும் திறந்துவிட வேண்டும். ஐப்பசி மாதத்தில் ஒருமுறை திறந்து பாருங்கள், எவ்வளவு வருகிறது என்று.

பராமரிப்பு என்ற பெயரில் நாம் செய்யும் கெடுதல்களையும் பேசிவிடலாம். ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் இடையே கப்பைத் துடைத்து, கிளீனர் அடித்து, நுனியைத் துணியால் மூடி ஒரு நொடி அழுத்திக் குமிழிவிட்டு அலசினால் போதும். வேலை முடிந்ததும் கூடுதலாக ஊசியை எடுத்துத் துடைக்க வேண்டும். கப்பை முதலில் அலசிவிட்டுத்தான் ஊசியை உருவ வேண்டும். பெயிண்டோடு பின்பக்கம் இழுத்தால், நான் சொன்ன அந்தக் காவல் சீலைத் தாண்டி அழுக்கு டிரிகர் அறைக்குள் போகும். டிரிகர் ஒட்டிக்கொண்டு மெதுவாகத் திரும்புவதற்கு முக்கியக் காரணம் இதுதான். நாசிலை ஒவ்வொரு இரவும் கழற்ற வேண்டியதில்லை. மரை ஒவ்வொரு திருகலிலும் கொஞ்சம் தேய்கிறது.

முழு ஏர்பிரஷையும் தின்னரில் ஊறப்போடவே கூடாது. வால்வில் இருக்கும் ரப்பர் ஓ-ரிங்குகள் ஊதிவிடும். உயவுக்கு ஏர்பிரஷுக்கென்றே விற்கும் எண்ணெய் ஊசியின் பின்பாதியில் ஒரு துளி. வீட்டுக் கதவுக்கு அடிக்கிற ஸ்பிரே வேண்டாம். அதிலும் சிலிக்கோன் கலந்தது பெயிண்டோடு சேர்ந்தால் மாடலில் மீன்கண் மாதிரிப் பள்ளங்கள் விழும்.

ஜன்னல் கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தால் அக்ரிலிக்கைக் கழுவுவது பலருக்கும் வழக்கம். அது நன்றாகவே கரைக்கும். அந்த ரகங்கள் சிலவற்றில் அமோனியா உண்டு. ஏர்பிரஷின் உடம்போ குரோம் பூசிய பித்தளை. பித்தளைக்கும் அமோனியாவுக்கும் உள்ள பகையை உலகத்துக்குக் காட்டியது நம் நாட்டு மழைக்காலம் என்பது ஒரு விசித்திரம். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. மழை விட்டு எடுத்துப் பார்த்தால் பித்தளை உறைகள் விரிசல் விட்டிருந்தன. குதிரைச் சிறுநீரின் அமோனியாவும், உறையை இழுத்து உருவாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921ல்தான் விளக்கம் கிடைத்தது. ஒரு முறை அடித்து அலசுவதால் ஆபத்தில்லை. இரவு முழுதும் அதில் ஊறவைப்பதுதான் லாயத்தில் தோட்டாவை வைப்பது.

மூச்சுக்கும் ஒரு வார்த்தை. லாக்கர் அடிப்பவர்கள் கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள முகக்கவசம் அணிய வேண்டும். துணி முகக்கவசம் ஆவியை நிறுத்தாது. தண்ணீர் அக்ரிலிக்தானே என்பவர்கள், வேலை முடிந்து மூக்கைத் துடைத்த கைக்குட்டையின் நிறத்தைப் பார்க்கட்டும்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் நாசில் ஒருநாள் தேயும், ஊசி ஒருநாள் கீழே விழும், அதுவும் முனை குத்தும்படிதான் விழும். சைக்கிளுக்கு பிரேக் கட்டை போல இவை மாற்றுகிற பொருள்கள். வாங்கும்போது ஊசியையும் நாசிலையும் ஜோடியாக வாங்குங்கள். ஊசியின் கூம்பும் நாசிலின் துளையும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்தவை. 0.2 ஊசி 0.3 நாசிலுக்குள் நன்றாகவே நுழையும். ஆனால் துளையைச் சரியாக மூடாமல் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். காற்றை அழுத்திய உடனே பெயிண்ட் வழியும். பிறகு நாம் வழக்கம்போல் வால்வைக் கழற்றுவோம்.